மூன்று நிமிட அப்பா

இந்த இடத்தில் வெட்டினால் தலை குதிக்கிறது, இரண்டு ஃபிரேம் தள்ளி வெட்டினால் மூச்சு பாதியில் அறுந்துபோகிறது, மூச்சுக்கு முன்னால் வெட்ட வேண்டும், ஏனென்றால் மூச்சு இழுக்கிற சத்தம் வரப்போகிற வார்த்தைக்குச் சொந்தம், போன வார்த்தைக்கு அல்ல... இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, இருபத்தொன்பது வருஷம் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்னவள், எந்த வண்டி எந்த நடைமேடைக்கு எத்தனை நிமிஷம் தாமதமாக வருகிறது என்பதைப் பிசிறில்லாமல் சொல்லி முடித்து, மைக்கை அணைத்த பிறகுதான் மூச்சு விடுவாள், ஆனால் இந்தத் திரையில் இருக்கிற மனிதருக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது, அவள் வீட்டுக்காரர், நில அளவையர், வாழ்நாள் முழுக்க வெயிலில் நின்று தூரத்தைப் பார்த்தவர், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு வயலை அளந்துவிட்டு வருவார், அது நன்றாக இருந்த காலத்தில். இப்போது அந்த வயலுக்கு மறு கரை தெரியவில்லை... சரி, வெட்டு, முதலில் வெட்டு. கத்தரிக்கோல் படத்தின்மேல் மவுஸை அழுத்தினாள், திரையின் அடியில் இருந்த வீடியோப் பட்டை இரண்டானது, இன்னொரு அழுத்து, மூன்றானது, நடுவில் இருந்த வேண்டாத துண்டைத் தொட்டு நீக்கினாள், பின்னால் இருந்தது சரக்கென்று முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது, ஓடவிட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்கியாம்மா" என்றார் திரையில் அவர். அதைச் சொல்ல அவருக்கு இருபத்திரண்டு வினாடி ஆகியிருந்தது, இப்போது இரண்டு. அசலைவிட நன்றாகவே இருக்கிறது என்று நினைத்தாள், நினைத்த வேகத்திலேயே கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அசல் அங்கே ஜன்னலோர நாற்காலியில், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரி வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

மணி பத்தேகால், சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும், இங்கே ஆறு மணி ஆகும்போதுதான் மகள் இருக்கிற இடத்தில் விடியும், கண் திறந்ததும் முதல் வேலையாகப் போனைத்தான் பார்ப்பாள், வேறு என்ன செய்வாள் பாவம், ஏழாம் மாசம், படுக்கையைவிட்டு இறங்கக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், போன தடவை நாலாம் மாசமே கலைந்துபோனது, அதற்கு முந்தின தடவை... வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், அதனால்தானே இத்தனையும்... ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் துலக்கப் போனவர் வாஷ்பேசின் அடியிலேயே சரிந்து, பக்கவாதம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, பதினோரு நாள் கழித்து ஒரு கையும் முக்கால்வாசிப் பேச்சும் இல்லாமல் வீட்டுக்கு வந்தபோது, "அப்பாவுக்கு பிரஷர் கொஞ்சம் ஏறிப்போச்சும்மா, கை லேசா மரத்த மாதிரி இருக்காம், வேற ஒண்ணுமில்ல" என்று மகளிடம் சொல்லி வைத்தாள். மாப்பிள்ளைக்கு மட்டும் உண்மை தெரியும், அவரும் "குழந்தை பொறக்கட்டும் அத்தை, அதுவரைக்கும் நீங்க சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்" என்றுவிட்டார். சொன்னது சொன்னபடி இருப்பது அவ்வளவு லேசா என்ன? இந்த ஆறு வாரத்தில் மகள் கூப்பிட்டபோதெல்லாம், அவர் இருபது தடவை குளிக்கப் போயிருக்கிறார், பதினைந்து தடவை அசந்து தூங்கியிருக்கிறார், கடைக்குப் போனவர் பாதி நாள் திரும்பி வந்ததே இல்லை. எத்தனை நாள்தான் ஒரு மனிதரைக் குளிக்க வைப்பது? போன திங்கட்கிழமை மகள் கத்திவிட்டாள். "அம்மா, என்கிட்ட எதையோ மறைக்கிற. இந்த வாரம் முடியறதுக்குள்ள நான் அப்பா குரலக் கேக்கணும். இல்லேன்னா டாக்டராவது ஒண்ணாவது, கெளம்பி வந்துருவேன்." கிளம்பினாலும் கிளம்பிவிடுவாள், அவர் அவளுக்கு வாலு என்று பேர் வைத்தது சும்மாவா... அப்போது இவள் வாயில் வந்ததைச் சொன்னாள், "பேச்சு கொஞ்சம் கொழகொழன்னு வருதுன்னு வெக்கப்படுறார்டி, வீடியோ எடுத்து அனுப்புறேன்னு அவரே சொல்றார்." அவரே சொன்னாராம். அவர் அப்போது பக்கத்தில்தான் இருந்தார், அவள் வாயையே பார்த்துக்கொண்டு.

வீடியோ எடுப்பதுவரை தெரியும், வெட்டுவது யாருக்குத் தெரியும்? மாடி வீட்டு டியூஷன் டீச்சர்தான் வந்து காட்டிக்கொடுத்தாள், கணக்குப் பாடத்தை வீடியோவாக எடுத்துப் போடுகிறவள், மகள் காலேஜில் படித்தபோது வாங்கின இந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் "இதுலயா ஆன்ட்டி?" என்று சிரித்தாள், பிறகு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். போனில் எடுத்ததை அப்படியே போட்டால் இந்தக் கிழட்டு யந்திரம் திக்கித் திணறும், அதனால் எல்லாவற்றுக்கும் சின்ன அளவில் ஒரு நகல் செய்துகொண்டு நகலைத்தான் வெட்ட வேண்டும், எல்லாம் முடிந்து மொத்தமாக ஒரே படமாக எடுக்கிறபோது பெரியதை அது தானாகவே தேடிக்கொள்ளும். அசலை வேறொரு இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும். "இங்க என்ன வெட்டினாலும் அசல் அப்படியே இருக்கும் ஆன்ட்டி, பயப்படாம வெட்டுங்க." முதலில் குரலைச் சரிசெய், படம் அப்புறம். "காது ஏமாந்துட்டா கண்ணு தானா ஏமாந்துரும்." தலை குதிக்கிற இடத்தில் வேறு எதையாவது மேலே போட்டு மூடு, கையைத் தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொள், செடியை எடுத்து வைத்துக்கொள், குரல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்தத் துண்டை மட்டும் பத்தில் ஒரு பங்கு பெரிதாக்கு, கேமராவை வேண்டுமென்றே மாற்றி வைத்த மாதிரி தெரியும். அடுத்த படம் வருவதற்கு அரை வினாடி முன்னால் அடுத்த குரலை ஆரம்பித்துவிடு... இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று காலை நேரம், போனைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்து அவர் பேசுவதை எடுத்தாள், கூட்டினால் நாற்பத்தொரு நிமிஷம் வந்தது. டீச்சர் பட்டையைப் பார்த்து, "பேச்சு இருக்கற எடம் மலை மாதிரி தெரியும், இல்லாத எடம் ரோடு மாதிரி தெரியும், ரோட்ட எல்லாம் தூக்கிருங்க" என்றாள், சொன்ன பிறகுதான் கவனித்தாள், அந்தப் பட்டையில் ரோடுதான் கண்ணுக்கெட்டியவரை இருந்தது, அங்கங்கே ஒரு மேடு.

அந்த மேடுகளிலும் பாதி உதவாது. வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்காதபோதெல்லாம் அவருக்குச் சங்கிலி வந்துவிடுகிறது, சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது நிலத்தில் இழுத்துப்போட்டு அளந்த சங்கிலியோ என்னவோ, மூளையில் எல்லாம் அழிந்த பிறகும் அது மட்டும் கிடக்கிறது, தண்ணீரும் சங்கிலிதான், செருப்பும் சங்கிலிதான், "சங்கிலி... நல்லா... ஒதைக்குதா?" என்று வயிற்றுப் பிள்ளையைக் கேட்கிறார், கேட்டுவிட்டுத் தப்பென்று தெரிந்து கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார், அதைப் பார்த்து முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார், பிறகு அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்... வேண்டாம். குழந்தை. அவருக்குக் குழந்தை என்ற வார்த்தை ஒரே ஒரு தடவை வந்திருந்தது, புதன்கிழமை, ஒன்பதாவது நிமிஷத்தில், அதைத் தேடிப் பிடித்து, நகலெடுத்து, சங்கிலி இருந்த இடத்தில் வைத்தாள். பொருந்தவில்லை. ஏன் பொருந்தாது என்று இந்த உலகத்தில் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அவளை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து எல்லா எண்களையும் மூன்று மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள், ஐந்து என்று குரலை ஏற்றி ஒரு தடவை, சமமாக ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை, வாக்கியத்தின் நடுவில் வருகிற ஐந்து வேறு, கடைசியில் வருகிற ஐந்து வேறு, இனி அந்தத் துண்டுகளை எடுத்துக் கம்ப்யூட்டரே கோத்துக்கொள்ளும் என்றார்கள், கோத்துக்கொண்டுதான் இருக்கிறது, இப்போதும் ஸ்டேஷனுக்குப் போனால் அவள் குரல் அவள் இல்லாமலே பேசிக்கொண்டிருக்கும். புதன்கிழமைக் குழந்தை கடைசியில் வந்த குழந்தை, இறங்குகிறது, முதலில் வர வேண்டியது ஏற வேண்டும். வார்த்தையின் வாலைக் கொஞ்சம் நறுக்கினாள், நறுக்கின முனையில் ஒலியைச் சின்னதாகத் தேய்த்துவிட்டாள், "குழந்த... நல்லா ஒதைக்குதா?" ஆகா, பேசிவிட்டார்.

வாலு என்ற வார்த்தை மட்டும் மூன்று நாளிலும் வரவில்லை. வா, வா என்று இரண்டு தடவை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதில்லாமல் எப்படி? பெற்றதிலிருந்து அவர் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பழைய வீடியோ ஒன்று இருந்தது, மகள் ஸ்கூட்டர் ஓட்டப் பழகினபோது எடுத்தது, அவர் பின்னாலேயே ஓடுகிறார், "பிரேக்க புடி வாலு, பிரேக்க!" என்று கத்துகிறார், மகள் மதில்மேல் மோதுகிறாள், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்... அந்த வாலுவை வெட்டி எடுத்தாள், அந்தச் சிரிப்பையும் எடுத்துக்கொண்டாள், கை தானாகப் போயிற்று. பழைய குரல் தடிமனாக இருந்தது, ஒலியைக் குறைத்தாள், கொஞ்சம் மழுக்கினாள். இது தப்பா? தப்பென்றால் என்ன தப்பு, அவர் குரல்தானே, வேறு யாருடையதையாவது திருடிக்கொண்டா வந்தாள்? இருந்தாலும் இரண்டு தடவை கூடத்துப் பக்கம் பார்த்துக்கொண்டாள், கடையில் எதையோ எடுத்துப் பைக்குள் போட்டவள் மாதிரி.

அப்போதுதான் கூப்பிட்டார், அதாவது மோதிர விரலால் நாற்காலிக் கையைத் தட்டினார், போனாள். "சங்கிலி" என்றார். "தண்ணியா?" இல்லை. "பாத்ரூம் போகணுமா?" இல்லை. ஜன்னல் பக்கம் இடது கையைக் காட்டினார், "சங்கிலி... இது..." என்று இழுத்தார். "வெயில் கண்ணுல அடிக்குதா, ஸ்கிரீன இழுத்து விடவா?" ஒரு கணம் அவளைப் பார்த்தார், தலையாட்டினார். இழுத்துவிட்டு, தோளில் துண்டைச் சரிசெய்துவிட்டு, "கொஞ்ச நேரம் இருங்க, ஒரு பத்து நிமிஷ வேல பாக்கி" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தாள், மணி பன்னிரண்டு ஆகப்போகிறது.

பாக்கி இருந்தது ஒட்டுகள்தான். படத்தில் ஒட்டுத் தெரியவில்லை, கையும் செடியும் மூக்குக்கண்ணாடியும் மூடிக்கொண்டன, ஆனால் காதை வைத்துக் கேட்டால் ஒவ்வொரு வெட்டிலும் அறை செத்துச் செத்துப் பிழைத்தது, ஒரு இடத்தில் மின்விசிறி இரைகிறது, அடுத்த துண்டில் பட்டென்று நின்றுவிடுகிறது, மறுபடி இரைகிறது... டீச்சர் இதையும் சொல்லியிருந்தாள், "யாரும் பேசாதப்ப ரூம் எப்படி இருக்குமோ, அந்தச் சத்தத்த அரை நிமிஷம் தனியா எடுத்து வெச்சுக்கோங்க ஆன்ட்டி, அடியில நீளமா விரிச்சுட்டா ஒட்டே தெரியாது, ஜமுக்காளம் மாதிரி." எடுக்க மறந்துவிட்டாள். இப்போது போய் எடுக்கலாமென்றால் எதிர் வீட்டில் சுவரில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் என்ன, அசலில் இல்லாத ரோடா, அதில் யாரும் பேசாத ஒரு பத்து வினாடியை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நீட்டிக்கொண்டால் போயிற்று. ஹெட்போனைக் காதில் மாட்டி, ஒலியைக் கூட்டி, செவ்வாய்க்கிழமையைத் திறந்தாள். மூன்று வினாடி, நான்கு, ஐந்து... "நல்லா இருக்கியான்னு கேளுங்க." அவள் குரல். கிசுகிசுவென்று, படத்துக்கு வெளியிலிருந்து. சரி, அடுத்த இடம். மூன்று, நான்கு... "ஒடம்பப் பாத்துக்கோன்னு சொல்லுங்க." அடுத்தது. "சாப்பாடு. சாப்பாட்டப் பத்தி." அடுத்தது. "அம்மா. அம்மா நல்லா பாத்துக்கறான்னு, அதச் சொல்லுங்க, ம்?" அங்கே ஒரு குட்டி மேடு இருக்கிறது என்று இதுவரை கண்ணில் படவே இல்லை, அவருடைய மேட்டுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவளுடைய மேடு, அது முடிந்ததும் பின்னாலேயே அவருடையது, பாடம் ஒப்பிக்கிற மாதிரி... பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற அம்மா முதல் நாளே சொன்னாள், வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள், அவராகத் தேடட்டும் என்று, இவளும் சரி சரி என்று மண்டையை ஆட்டினாள், தான் எடுத்துக் கொடுப்பதே இல்லை என்றுதான் இந்த நிமிஷம்வரை நம்பிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமையில் பத்து வினாடி கிடைக்கவில்லை. வியாழக்கிழமையிலும் கிடைக்கவில்லை. நாற்பத்தொரு நிமிஷத்தில் முப்பத்தெட்டு நிமிஷம் அவர் பேசவில்லை, சரி, ஆனால் யாருமே பேசாத பத்து வினாடி அந்த இரண்டு நாளிலும் அந்த வீட்டில் இல்லை. ஒலிபெருக்கியில் மூன்று வினாடிக்குமேல் சும்மா இருந்தால் நடைமேடையில் இருக்கிறவர்கள் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள், என்ன ஆச்சோ என்று பயந்துபோவார்கள், அதற்காகவே அவளுக்குப் பழக்கினார்கள், நிறுத்தாதே, நிறுத்தினால் ஜனங்கள் கலவரப்படுவார்கள் என்று... இங்கே எந்த ஜனம் இருந்தது கலவரப்பட?

புதன்கிழமையில் ஒன்று கிடைத்தது. பதினான்காவது நிமிஷம், பதினோரு வினாடி, மின்விசிறி மட்டும். அதற்கு முன்னால் அவர் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒன்றை ஆரம்பித்திருந்தார், "நான்... அன்னைக்கு... உன்ன..." பிறகு அந்தப் பதினோரு வினாடி. பிறகு அவள் குரல், "திட்டிட்டேன்னு சொல்றீங்களா?" பிறகு அவர் தலையாட்டுகிறார். பிறகும் அவள்தான், "விடுங்க, அவ அதெல்லாம் மனசுல வெச்சுக்கறவளா, பழச எதுக்கு இப்பப் போய்..." இந்தப் பகுதியைக் காலையில் எடுத்த எடுப்பிலேயே தூக்கிப் போட்டிருந்தாள், பழைய கதை எதற்கு, மாசமாக இருக்கிற பெண்ணுக்கு. இப்போது ஜமுக்காளத்துக்காகத் திரும்ப எடுத்தாள், வெட்டவேண்டிய முனை எது என்று பார்க்க, தன் குரல் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து அம்புக்குறிப் பொத்தானைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னால் போனாள். ஒன்று, இரண்டு, மூன்று... நின்றாள். அவர் உதடுகள் சேர்ந்திருந்தன. சும்மா மூடியிருக்கவில்லை, அழுத்திச் சேர்ந்திருந்தன, கன்னம் லேசாக உப்பியிருந்தது, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் தட்டினாள். அவள் குரல் ஆரம்பிக்கிறது, உதடு தளர்கிறது, பார்வை கேமராவிலிருந்து ஏறி அதற்கு மேலே போகிறது, அங்கேதானே அவள் நின்றிருந்தாள், இமை இறங்குகிறது, பிறகுதான் தலை அசைகிறது. பின்னால் தட்டினாள், உதடு சேர்கிறது. திட்டிட்டேன் என்பதற்கு உதடு சேராது. நாக்கு பல்லில் தட்டும், உதடு திறந்திருக்கும். இருபத்தொன்பது வருஷம் வாயால் பிழைத்தவளுக்கு இது தெரியாதா? உதட்டைச் சேர்த்து ஆரம்பிக்கிற எழுத்து இரண்டுதான், ப அல்லது ம. அவர் சொல்ல வந்தது வேறு என்னவோ. எதுவென்று சொல்வதற்கு இன்னும் ஒரு வினாடி, அரை வினாடி போதுமாக இருந்தது. அதற்குள் அவள் திட்டிட்டேனா என்றாள், அவர் ஆமாம் என்றார்.

ஆனால் அவர் எங்கே திட்டினார்? அன்னைக்கு என்றால் எந்த அன்னைக்கு? ஒரே ஒரு நாள்தான் அப்படி உண்டு, ஏழு வருஷம் ஆகிறது, சாப்பாட்டு மேஜையில் மகள் அந்த வேலைக் கடிதத்தை வைத்துவிட்டு நின்றாள், அவ்வளவு தூரமா, கண்காணாத தேசத்தில் தனியாக எப்படி இருப்பாய், எங்களைப் பற்றிக் கொஞ்சமாவது நினைத்தாயா என்று திட்டியது யார்? அவர் கடிதத்தைக் கையில் எடுத்து முழுசாகப் படித்தார், மடித்தார், மகளை நிமிர்ந்து பார்த்தார். "அப்பாவுக்கும் இதுல இஷ்டமில்ல. என்னங்க, சொல்லுங்களேன்." எத்தனை வினாடி காத்திருந்தாள்? இரண்டு? மூன்று? "பாத்தியா, அவரும் அதத்தான் நெனைக்கிறார்." அவர் தலையாட்டினார். ஆட்டினாரே, அவள் கண்ணால் பார்த்தாளே, மகளும்தான் பார்த்தாள், "நீங்களுமாப்பா?" என்றாள், அவ்வளவுதான், போய்விட்டாள், ஒரு வருஷம்வரைக்கும் போனில் அப்பாவிடம் நல்லா இருக்கீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதற்குமேல் ஒரு பேச்சு இல்லை. போ என்று சொல்ல வந்தாரோ? போ என்பதற்கும் உதடு சேரும். மன்னிச்சிரு என்பதற்கும் சேரும். இருட்டாக இருந்த திரை ஓரத்தில் தன் முகத்தைப் பார்த்து இரண்டையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள், இரண்டும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தன... அந்தத் தலையாட்டல். முப்பத்து மூன்று வருஷம். மலைப்பக்கம் கிடைத்த மாற்றலை வேண்டாமென்று எழுதிக்கொடுத்தபோது ஆட்டினார், அந்த வீட்டை விட்டு இந்த வீட்டுக்கு வந்தபோது ஆட்டினார், பிள்ளை ஒன்றே போதும் நமக்கு என்று அவள் சொன்னபோது ஆட்டினார், என் வீட்டுக்காரர் தங்கம், எதற்கும் மறுபேச்சு கிடையாது என்று ஸ்டேஷனில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், கேட்டவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவற்றில் எத்தனை ஆமாம்? எத்தனை, சரி விடு, நீயே சொல்லிவிட்டாய்? எண்ணிப் பார்க்க முடியுமா, எந்தப் பட்டையை விரித்து, எந்தப் பொத்தானைத் தட்டி? ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கூடத்தைப் பார்த்தாள். ஜன்னலில் அவள் இழுத்துவிட்டிருந்த துணியின் ஓரத்தை இடது கையால் ஒரு சாண் விலக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒடித்து, அந்தச் சந்து வழியாக அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக?

எழுந்து போய்த் துணியை முழுசாக ஒதுக்கிவிட்டாள், எதுவும் கேட்கவில்லை, அவர் கையை இறக்கி மெதுவாக விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டார், வலித்திருக்கும். திரும்பி வந்து அந்தப் பதினோரு வினாடியை எடுத்து நீட்டி அடியில் விரித்தாள், வேறு என்ன செய்வது, மகள் ஆறு மணிக்கு எழுந்துவிடுவாள், ஒட்டு மறைந்துவிட்டது, மொத்தமாக ஒரே படமாக எடுக்கிற பொத்தானை அழுத்தினாள், யந்திரம் உறுமியது, நூற்றுக்கு ஏழு, நூற்றுக்குப் பத்தொன்பது, அது நகர்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். மூன்று நிமிஷம் நான்கு வினாடி. அவரை எழுப்பி, இடுப்பைப் பிடித்து, பதினாறு அடி நடத்திக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். "வாலுவுக்கு அனுப்பறதுக்கு. நீங்க பேசினது. பாருங்க." போட்டுவிட்டாள். திரையில் அவர், வாலு என்று கூப்பிட்டார், நல்லா இருக்கியாம்மா என்றார், குழந்தை நன்றாக உதைக்கிறதா என்றார், தனக்கு ஒன்றுமில்லை என்றார், அம்மா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்றார், நீ உடம்பைப் பார்த்துக்கொள் என்றார், தங்குதடை இல்லை, திக்கல் திணறல் இல்லை, இவ்வளவு வேகமாக அவர் பேசி அவளே கேட்டதில்லை, இது யார் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், தெரிந்துகொண்டேதான் நினைத்தாள். நாற்காலியில் இருந்தவர் முதலில் வாய் லேசாகத் திறந்து பார்த்தார், சிரிப்பு வந்த இடத்தில் மட்டும் திரையைவிட்டு அந்தச் சின்ன ஒலிப்பெட்டியைப் பார்த்தார், அதற்குள் யாரோ இருக்கிற மாதிரி. முடிந்தது. கடைசி ஃபிரேமில் அவர் முகம் அப்படியே நின்றது.

"நல்லா இருக்கா? அனுப்பட்டுமா?"

அவர் தலையாட்டினார்.

கை மவுஸ்மேல் இருந்தது, ஒரு விரல் அசைந்தால் போதும், போய்ச் சேர்ந்துவிடும், மகள் பார்ப்பாள், அழுவாள், சிரிப்பாள், கிளம்பி வரமாட்டாள், குழந்தை நல்லபடியாகப் பிறக்கும், இதற்காகத்தானே... இமை முதலில் இறங்கிற்றா, தலை முதலில் அசைந்ததா? பார்க்கவில்லை, கவனிப்பதற்குள் முடிந்துவிட்டது, இங்கே ஒரு ஃபிரேம் பின்னால் போக வழியில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வேற ஏதாவது அவகிட்ட சொல்லணுமா உங்களுக்கு?" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு திரையில் நின்றிருந்த தன்னைப் பார்த்தார், பிறகு எங்கேயோ தூரத்தில். எதிர் வீட்டில் துளை போடுகிற சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. மூன்று வினாடி எப்போதோ ஆகிவிட்டது, பத்தும் ஆகியிருக்கும், அவள் நாக்கு நுனியில் நான்கைந்து வார்த்தைகள் வந்து வரிசையாக நின்றன, எல்லாமே பொருத்தமான வார்த்தைகள், பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் தொண்டை ஏறி இறங்கிற்று, உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன, திரும்பவும் சேர்ந்தன, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா, கூடவே ஆகியிருக்கலாம், கடிகாரத்தைப் பார்க்கலாமென்றால் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவர் சொல்லிவிட்டால்... இந்த மனிதர் ஒரு வார்த்தையைத் தேடி எடுத்துச் சொல்லி முடிக்க உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கும், விட்டால் ஐந்து நிமிஷமா, அரை மணி நேரமா, இத்தனை வருஷமாகியும் தனக்கு அது தெரியாது என்று நினைத்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.